சுட்டும் விரல்

அரசியல் பிரசாரச் சுவரொட்டிகளின் கண்காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மூன்று ஓவியங்கள் நம்மை நிறுத்திவிட்டன. 1914-இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர். ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் வரைந்து 1917-இல் சுவரொட்டியாக வெளிவந்த அமெரிக்காவின் அங்கிள் சாம். 1920-இல் திமித்ரி மூர் வரைந்த ரஷ்யச் செஞ்சேனை வீரன். நாடும் கொள்கையும் வேறு; ஆயினும் மூவரும் காண்போரை நோக்கி ஒரே விதமாக விரல் நீட்டிப் போருக்கு அழைக்கின்றனர்.

அமெரிக்க ஓவியம் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயிற்று. போர் நியாயமானதா என்று அவ்விரல் விளக்குவதில்லை. வினவ இடந்தராமல், தயங்குபவனை நாணச் செய்வதே அதன் ஆற்றல்.

அரசுகளைக் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலுமா? அயலார்மீது வந்த பழிச்சொல்லைத் தீர விசாரியாமல் நம் இல்லத்தில் பேசும்பொழுது, நாமும் அவ்விரலையே நீட்டுகிறோம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கின்றனர்.

தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதுகையில் நாம் உயர்த்துவதும் இதே விரல்தான். அங்கே அது எவரையும் சுட்டுவதில்லை. இறைவன் ஒருவனே என்று சாட்சி பகர்கிறது. ஐவேளையும் உண்மைக்குச் சாட்சியாக உயரும் விரல், தான் அறியாததைச் சுட்டத் துணியலாமா?