சன்னிதியில் ஒரு ஓணம் பம்பர்

எங்கள் பூதப்பாண்டியில் வாழைத்தோப்பு வேலைக்குப் போகும் ஒருவர், ஆவணி பிறந்ததும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய்த் திருவோணம் பம்பர் லாட்டரிச் சீட்டு ஒன்று எடுத்து வருவார். பூதலிங்கசுவாமி சன்னிதியில் அதை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவார். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்வருவது இங்கே யாருக்கும் பெரிய காரியமில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் என்னிடம் அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: “டீச்சர், ஒங்க கணக்கெல்லாம் மனுசனுக்குத்தான். சாமி குடுக்கணும்னு நெனச்சா ஒத்தச் சீட்டுலயே குடுக்கும். 2023-ல நம்ம தமிழ்நாட்டுக்காரங்களுக்குத்தானே விழுந்துது?”

விழுந்தது உண்மைதான். அவர் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லாம் வல்லவனுக்கு இரண்டில் ஒன்றும் கோடியில் ஒன்றும் ஒன்றுதானே? பல நாள் யோசித்த பிறகும் என்னால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அந்த 2023-ல் 75 லட்சத்துக்கும் மேல் சீட்டு விற்றது. முதல் பரிசு 25 கோடி, சீட்டு விலை 500 ரூபாய். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகை ஏறக்குறைய 18 லட்சத்து 70 ஆயிரம். பிறந்த குழந்தை முதல் படுத்த கிழவி வரை ஆளுக்கொரு சீட்டு, அப்படி நான்கு கன்னியாகுமரி மாவட்டங்கள். அத்தனை பேரிலும் ஒருவருக்குத்தான் அந்தப் பரிசு. 25 கோடியை 75 லட்சத்தால் வகுத்தால் 33 ரூபாய் சொச்சம் வரும். 500 ரூபாய்ச் சீட்டில் முதல் பரிசின் ஆசைக்கு உள்ள பெறுமதி அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒன்றாக 50 வருஷம் எடுத்தாலும் வாய்ப்பு ஒன்றரை லட்சத்தில் ஒன்று. போன வருஷம் விழாததால் இந்த வருஷம் விழும் என்பதும் இல்லை. குலுக்கும் இயந்திரத்துக்குப் பழைய நினைப்பு கிடையாது.

இனி சாமி. விழுந்த ஒருவருக்குச் சாமி கொடுத்தது என்றால், விழாத மற்றவர்களுக்குச் சாமி மறுத்தது என்றும் சொல்லியாக வேண்டும். அவர்களில் மகளுக்கு ஆபரேஷன் செய்யப் பணமில்லாமல் எடுத்தவர் இருப்பார். குருவாயூரிலும் வேளாங்கண்ணியிலும் அழுதுவிட்டு எடுத்தவர் இருப்பார். அவர்கள் பக்தியில் என்ன குறை? பரிசை அருள் என்றால், பரிசு கிடைக்காததற்கு என்ன பெயர் வைப்பது? அந்தப் பழியை என் சாமி மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

பூக்கட்டிப் பார்க்கிறோமே, அது மட்டும் எப்படிச் சரி என்று கேட்கலாம். அதிலும் பொட்டலத்தில் இருப்பது சிவப்புப் பூவோ வெள்ளைப் பூவோ, இரண்டில் ஒன்றுதான். ஆனால் எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஒரு பொட்டலத்தைக் குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். அங்கே யாரும் தோற்பதில்லை. சீட்டை வைத்துக் கும்பிடுகிறபோதோ, மற்ற எல்லோரும் தோற்கட்டும் என்பதும் அந்த வேண்டுதலுக்குள் இருக்கிறது. வேண்டுகிறவருக்கு அது தெரியாது. அவர் நல்ல மனிதர்.

ஊழ் என்பார்கள் சிலர். ஊழை ஒரு அதிகாரமாகவே வைத்த வள்ளுவர்தான் சூதைக் கண்டித்தும் ஓர் அதிகாரம் வைத்தார். ஊழை நம்புகிறவர் சூதாட வேண்டியதில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

எனக்கு வழிகாட்டுவது நளன் கதை. மகாபாரதத்தின் வனபருவத்தில் வருகிறது. சூதில் நாட்டை இழந்த நளன், அயோத்தி மன்னன் ருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலையும் காயும் இத்தனை என்று மன்னன் பார்த்த பார்வையில் சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி, இறங்கி, மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. அந்த எண் வித்தையையும் பகடையின் நுட்பத்தையும் மன்னனிடம் கற்றுக்கொண்டதும், அத்தனை காலமும் நளனுக்குள் இருந்து ஆட்டிவைத்த கலி வெளியேறித் தான்றி மரத்துக்குள் போய்விடுகிறான். திரிபலாவில் சேர்க்கிறோமே, அந்தத் தான்றியின் கொட்டைதான் பழங்காலத்தில் சூதாட்டக் காய். காட்டில் அலைந்தபோதும் மனைவியைப் பிரிந்து அழுதபோதும் போகாத கலி, நளன் எண்ணக் கற்ற நொடியில் போனான். இதைவிடப் பெரிய கணக்குப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

சீட்டு எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், அது அவரவர் காசு. ஆனால் அதைச் சன்னிதிக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோக ஆசை இருந்தால், முந்தின நாள் ராத்திரி வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, 25 கோடியை 75 லட்சத்தால் வகுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.