மடியில் வளரும் நாய்

கம்பம் பள்ளத்தாக்குக்கு நாய் புதிதன்று. உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் பெயராலேயே ஒரு நாயினம் வழங்கி வருகிறது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம் அது. திராட்சைத் தோட்டத்துக்கோ ஆட்டுக் கிடைக்கோ அப்படியொரு நாயை வைத்துக் கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கு உதவும் நாய்களை நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள்.

இன்று நம் குடும்பங்களில் எழும் கேள்வி வேறு. பிள்ளைகள் ஆசைப்படுவது காவல் நாய்க்கு அன்று, மடி நாய்க்கு. உதாரணத்துக்கு, கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் இனத்தை எடுத்துக் கொள்வோம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னரின் பெயரைத் தாங்கியது. தொங்கு காது, பட்டுப் போன்ற மயிர், உருண்ட கண்கள். எடை 5 முதல் 8 கிலோ. மனிதருக்குத் துணையாய் இருப்பதே அதன் வேலை. அதனை வீட்டுக்குள் வளர்க்கலாமா?

மஸ்அலா மறைவானதன்று. தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத்து குறையும் என ஒரு நபிமொழியிலும், இரண்டு கீராத்து என மற்றொன்றிலும் வந்துள்ளது. நம் வட்டாரத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபினர். அம்மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். உடல் நஜீஸன்று என்பதே வலுவான சொல். ஷாபிஈ மத்ஹபிலோ நாய் முழுவதும் நஜீஸ்; ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். சுத்தத்தின் சட்டத்தில் வேறுபட்டாலும், வெறும் ஆசைக்காக வளர்ப்பதை இரு மத்ஹபினரும் ஆதரிக்கவில்லை.

"அப்படியானால் நாயின் மீது இரக்கமே கூடாதா?" என்று கேட்கலாம். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை அறியாதார் யார்? குகைவாசிகளோடு அவர்களுடைய நாயையும் சேர்த்தே திருக்குர்ஆன் பேசுகிறது. நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம், கல்லெறிவதற்கான அனுமதியன்று. தெருநாயைக் காரணமின்றி அடிப்பவர், தாம் மார்க்கத்தைப் பேணுவதாக எண்ண வேண்டாம்.

இனி அன்பு என்னும் வாதத்துக்கு வருவோம். "அன்பினால்தானே வளர்க்கிறோம்" என்கின்றனர். அந்த அன்புக்கு விலை கொடுப்பது யார்? மனிதக் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில், இந்த இனத்து நாய்கள் பலவற்றுக்கு மூளை அடங்கும் அளவுக்கு மண்டையோடு இல்லை. தண்டுவடத்தில் நீர் கட்டி வலியால் துடிக்கின்றன. வயது ஏறினால் பெரும்பாலானவற்றுக்கு இதய வால்வு கெடுகிறது. நார்வே நாட்டில் பிராணிநலச் சங்கம் தொடுத்த வழக்கில், இந்நாயைத் தன் இனத்துக்குள்ளேயே பெருக்குவது பிராணிநலச் சட்டத்துக்கு முரண் என்று 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அல்லாஹ்வின் சட்டங்களிலுள்ள ஹிக்மத்துகளை முழுதும் அறிந்தோம் என்று நாம் சொல்லத் துணியோம். எனினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. "என்ன தேவைக்கு?" என்று மார்க்கம் கேட்கிறதே, அக்கேள்வி நம்மை மட்டும் காப்பதன்று, அந்த வாயில்லாப் பிராணியையும் காக்கிறது. கோம்பை நாய்க்கு ஓடத் தோட்டமுண்டு, செய்ய வேலையுண்டு. மடி நாய்க்கோ, அதன் உடலே நம் ஆசைக்காக வளைக்கப்பட்டது. விளையாட்டுப் பொருளாக ஓர் உயிரைக் கேட்பது ஆசை. அதன் நலனை முன்வைத்து நம் ஆசையை அடக்குவதே அன்பு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வது? மஸ்அலாவைக் கேட்டதும் அதனைக் கொண்டுபோய் புறவழிச்சாலையில் விட்டு வருவது பரிகாரமன்று, இன்னொரு பாவம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானதை நினைக்க வேண்டும். நன்கு பராமரிக்கக்கூடியவரிடம் ஒப்படைக்க முயல்க. அதுவரை உணவும் மருந்தும் அதன் ஹக்கு. தொழும் இடத்தையும் பாத்திரங்களையும் அது தீண்டாமல் காத்துக் கொள்க. பிள்ளைகளிடம், "நாய் அசிங்கம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்பு, அதற்கும் வலிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கோடையில் வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கப் பழக்குங்கள்.

சட்டத்தைப் பேணும் உறுதியையும், படைப்புகளிடம் இரங்கும் உள்ளத்தையும் ஒருசேர வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.