இடம் இருக்கிறது, எண் இல்லை

1994-க்கு முந்தைய 486 கம்ப்யூட்டர் ஒன்றில் 1.2 ஜிபி ஹார்டு டிஸ்க்கை மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) 528 எம்பி என்றே சாதிக்கும். மீதி இடம் எங்கும் போய்விடவில்லை, தட்டில்தான் இருக்கிறது. அதைக் கூப்பிட எண் இல்லை, அவ்வளவுதான்.

பயாஸ் கஞ்சத்தனமாக எழுதப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. டிஸ்க்கில் ஓர் இடத்தைச் சொல்ல மூன்று எண் வேண்டும்: தட்டின் வளையம் (சிலிண்டர்), அதைப் படிக்கும் ஹெட், வளையத்தின் துண்டு (செக்டார்). சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டாருக்கு 6 என்று பயாஸ் ஒதுக்கியிருந்தது. அதை வைத்து 8.4 ஜிபி வரை போகலாம். 1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டியின் டிஸ்க் வெறும் 10 எம்பி! டிஸ்க் பக்கத்து ஐடிஇ முறை இன்னும் தாராளம்: 16, 4, 8. அது 137 ஜிபி வரை எண்ணும். ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு இனத்திலும் சிறிய எண்தான் செல்லும்: 10, 4, 6. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் (பூஜ்யம் என்ற எண்ணில் செக்டார் கிடையாது), செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் அந்த 528 எம்பி வந்து நிற்கும்.

இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊரில் இருக்கும் அப்பாவும் வெளியூரில் இருக்கும் மகனும் போனில் பேசுவது நினைவுக்கு வரும். இருவரும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். ஆனால் போனில் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி. இருவரிடமும் குறை இல்லை. இருவருக்கும் பொதுவாக வாய்த்த வார்த்தைகள்தான் குறைவு.

அந்த 528 எம்பி தடைக்குக் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பயாஸ் நடுவில் நின்று எண்களை மாற்றிச் சொல்லத் தொடங்கியது: சிலிண்டரைக் குறைத்து ஹெட்டைக் கூட்டியது. இரண்டு மூன்று தட்டு மட்டுமே உள்ள டிஸ்க்குக்கு 255 ஹெட் என்று டாஸ் இயங்குதளத்திடம் சொன்னது. எண் பொய்தான், ஆனாலும் ஒவ்வொரு செக்டாரும் கைக்கு எட்டியது.

பிறகு 8.4 ஜிபியையும் தாண்ட, செக்டார்களை ஒரே வரிசையாக எண்ணும் எல்பிஏ முறை கைகொடுத்தது. அடுத்து 33.8 ஜிபியில் ஒரு முட்டுக்கட்டை. அதைவிடப் பெரிய டிஸ்க்கைக் கண்டதும் சில பயாஸ்கள் அப்படியே உறைந்து நின்றன. அதற்காகவே டிஸ்க்கின் பின்புறம் ஒரு ஜம்பர் வைத்தார்கள். நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு. அதைப் போட்டால் 40 ஜிபி டிஸ்க் தன்னை 33 ஜிபி என்று குறைத்துச் சொல்லும், பழைய மெஷினும் எழுந்துவிடும். சில டிஸ்க்குகளில் லினக்ஸ் ஏறியபின் முழு இடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வலுத்தது இளைத்ததற்காகக் கொஞ்சம் குனிந்தது. அதனால் அதன் கொள்ளளவில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. 'ஒத்துவராது' என்று நாம் ஒதுக்கிவைத்த மனிதர்களில் எத்தனை பேரிடம் நமக்கு எட்டாத இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறதோ!

ஆகவே, பழைய மெஷின் எடுக்கவில்லை என்று ஒரு டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஜம்பரைப் பாருங்கள், பயாஸில் எல்பிஏ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டேட்டா இருந்தால் எதையும் மாற்றுமுன் நகல் எடுங்கள். எந்தக் கணக்கில் எழுதப்பட்டதோ, அதே கணக்கில்தான் அதைப் படிக்க முடியும்.