விசில் வராத விதி

கூடைப்பந்து ஆடியவர்களுக்குக் கடைசிவரை தீராத சந்தேகம் ஒன்று உண்டு: 'கேரி'ன்னா என்ன? புத்தகத்தில் எளிதாகத்தான் இருக்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டே எவ்வளவு தூரமும் போகலாம். அது கையில் தங்கிவிட்டால் டிரிப்ளிங் முடிந்தது. மறுபடி தட்டினால் தப்பு, பந்து எதிரணிக்கு. சரி, உள்ளங்கை பந்துக்கு அடியில் போய் ஒரு கணம் நின்றால் அது 'தங்கியதா', இல்லையா? அதை அளக்க ஸ்கேல் கிடையாது. ரெஃப்ரியின் கண்தான்.

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் டிரிப்ளிங் என்பதே இல்லை. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறியணும், அவ்வளவுதான். பாஸ் கொடுக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் பந்தைத் தரையில் போட்டுத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். விதியில் கிடைத்த சந்து அது. இன்று அதுதான் ஆட்டத்தின் அழகு. 2017 அக்டோபரில் ஃபிபா இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். செப்டம்பரில் டிராவலிங், அக்டோபரில் நல்ல ஆட்டம்.

மீறல்தான் விதியை வளர்த்திருக்கிறது என்றால், ரெஃப்ரி கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவதில் என்ன தப்பு?

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். நூறாண்டு கடந்த விடுதிப் பள்ளிகளும், சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளும் இருக்கும் மலை அது. இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு பெண் ஒரே கோர்ட்டில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி என்பிஏ பார்த்து வளர்ந்தவள், நல்ல கோச்சிடம் பழகியவள். கையை எதுவரை அடியில் கொண்டுபோனால் விசில் வராது என்று அவளுக்குத் தெரியும். இன்னொருத்தி பி.டி. சார் சொன்னபடி, புத்தகப்படி ஆடுகிறாள். முதலாமவளிடம் இரண்டு விதிகள் இருக்கின்றன: அச்சில் உள்ளது, நடப்பில் உள்ளது. இரண்டாமவளிடம் ஒன்றுதான். பார்த்துப் பார்த்துக் கடைசி குவார்ட்டரில் அவளும் அதையே செய்து பார்க்கிறாள். விசில்! பழகிய கை செய்தால் திறமை, பழகாத கை செய்தால் தப்பு.

ரெஃப்ரி நேர்மையானவர்தான். யாரிடமும் காசு வாங்கவில்லை. அநியாயம் அவருடைய கண்ணுக்குப் பழகிப்போன ஒன்றிலிருந்து வருகிறது.

இதற்காக ஒவ்வொரு கேரிக்கும் ஊத முடியாது, ஆட்டமே நின்றுவிடும். ஃபிபா விதிநூலும் நடுவரைப் பொதுப்புத்தியோடு, ஆட்டத்தின் ஓட்டம் கெடாமல் முடிவெடுக்கத்தான் சொல்கிறது. ஆனால் அதையும் ஒரே சீராகச் செய்யணும் என்கிறது.

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விடணும். எதிரே வருவது யாரென்று தெரியாமலே டிரைவர் வளைவில் திரும்புகிறார். அந்த விதி எதிரே வருபவருக்கும் தெரியும் என்ற நம்பிக்கைதான் அவரைத் திருப்புகிறது. உள்ளூர் டிரைவர்களுக்கு மட்டும் தெரிந்த விதி ஒன்று அங்கே தனியாக இருந்தால், வெளியூர்க்காரன் பள்ளத்தில்தான் கிடப்பான்.

ஆகவே சலுகை காட்டலாம், ஆனால் முதல் நிமிடத்திலேயே இரண்டு அணிக்கும் தெரியும்படி காட்டணும். எதை விடுவேன், எதை விடமாட்டேன் என்று ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களிடமும் சொல்ல ஒரு நிமிடம் போதும். "ஏன் சார், எனக்கு மட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டால், உரக்கச் சொல்லக்கூடிய ஒரு பதில் ரெஃப்ரியிடம் இருக்கணும். "அவளும்தான் செய்தாள், ஆனால் பார்க்க நன்றாக இருந்தது" என்பது அந்தப் பதில் இல்லை.