துடக்குக் கழியும் நாள்



எம்பெருமான் திருவருளை முன்னிட்டு, இம்முறை சிந்தனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கோயில் வாசலும், அந்த வாசலில் நாம் கைக்கொள்ளும் விதிகளும் ஆகும். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எமது கோயில் வாசல் பலமுறை மூடியது, பலமுறை திறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தும் ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அக்காலத்து மனத்தாங்கலினால் இன்னமும் உள்ளே வராத குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. அவர்களை நினைந்தே இதனை எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 13இல் கியூபெக் அரசு பொதுச் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. ஜூன் 22இல் 50 பேர் வரை கூடலாம் என்றார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அது 250 ஆயிற்று. ஒக்ரோபர் 1இல் மொன்றியல் சிவப்பு வலயத்துள் வந்ததும் 25 ஆகக் குறைந்தது. 2021 ஜனவரியில் 10 பேர் மட்டும். மார்ச் 26இல் திரும்பவும் 250. இரண்டு வாரம் கழிவதற்குள் மீண்டும் 25. அவ்வாண்டு டிசம்பர் 20 முதல் தடுப்பூசிக் கடவுச்சீட்டு இல்லாதவர் உள்ளே வர முடியாது என்ற விதி வந்தது. டிசம்பர் 31இல் வாசல் முற்றாக மூடப்பட்டது. 2022 பெப்ரவரி 7இல் கடவுச்சீட்டுடன் திறந்தோம். பெப்ரவரி 21இல் வழிபாட்டிடங்களுக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை என்றார்கள். மே 14இல் முகக்கவசமும் போயிற்று.

2021 மார்ச் 11 மகா சிவராத்திரி. நாலு சாமமும் கண்விழித்து வழிபட வேண்டிய இரவு அது. அன்று மொன்றியலில் இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு. மீறினால் 1,000 டொலர் முதல் 6,000 டொலர் வரை தண்டம். ஊரில் ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எமது முதியவர்களுக்கு அச்சொல் என்ன என்ன நினைவுகளை எழுப்பியிருக்கும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் வீட்டுச் சாமியறையில் விளக்கேற்றி, பிள்ளைகள் தொலைபேசியில் காட்டிய பூசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அடுத்த ஆண்டுச் சிவராத்திரி 2022 மார்ச் 1. கடவுச்சீட்டு விதி நீங்கி எட்டாம் நாள். வாசல் திறந்திருந்தது. ஆனால் வழக்கமாக வரும் சிலர் வரவில்லை.

நாளுக்கொரு விதி மாறினால் அதை நம்புவது எப்படி என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எமது சமயம் இதற்கு விடை வைத்திருக்கிறது. அறத்தில் ஆபத்தருமம் என்று ஒன்று உண்டு. சாதாரண காலத்தில் செய்ய வேண்டியதை ஆபத்துக் காலத்தில் சுருக்கியும் மாற்றியும் செய்யலாம். யுத்த காலத்தில் இரவுத் திருவிழாக்களைப் பகலிலேயே நிறைவேற்றியதை ஊரில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சுவாமி வெளிவீதி வராமல் உள்வீதியோடு நின்ற நாட்களும் உண்டு. அதனால் திருவிழா பொய்யாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. உயிரைக் காக்க வேண்டும் என்ற அறம் மாறவில்லை. நோயின் போக்கு மாறியது. அதற்கேற்ப எண்ணிக்கை மாறியது. மழை கூடும்போது குடையை விரிப்பதும், விட்டதும் மடக்குவதும் குடையின் குற்றமல்ல.

நோய்க்காக ஒதுங்கியிருப்பதும் எமக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்தில் அம்மை கண்டால் ‘அம்மாள் வருத்தம்’ என்போம். வாசலில் வேப்பிலை கட்டப்படும். அதைக் கண்டவர் அந்த வீட்டுக்குள் போகமாட்டார். வீட்டார் விசேஷங்களுக்குச் செல்லமாட்டார். நோயாளிக்கு வேறு பாய், வேறு பாத்திரம். குணமானபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் முழுக்கு வார்த்து, அம்மாளுக்குப் பொங்கலிட்டு, அதன்பிறகே வெளியில் வருவார்கள். பெரியம்மைக்குரிய தடுப்பூசி இலங்கைக்கு 1802இல் வந்தது. 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகிலிருந்து முற்றாக ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரியம்மை போயிற்று, அம்மன் போகவில்லை. ஊசி போட்டுக்கொண்டதனால் அம்மனை நம்பாதவர்கள் என்று எமது பாட்டன் பாட்டிமாரை எவரும் சொன்னதில்லை. இன்றும் நாம் பொங்கலிடுகிறோம்.

நாம் வாழும் இந்த நகரத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1885இல் சிக்காகோவிலிருந்து வந்த ஒரு புகைவண்டி ஊழியர் மூலம் பெரியம்மை மொன்றியலுக்கு வந்தது. தடுப்பூசி அப்போதே இருந்தது. ஆனால் பழுதான ஊசிமருந்தினால் சிலருக்குத் தோலில் அழற்சி ஏற்பட்டிருந்தது. அந்த அச்சத்தோடு, ஆங்கிலேய அதிகாரிகளில் பிரெஞ்சு மக்களுக்கு இருந்த நம்பிக்கையின்மையும் சேர்ந்துகொண்டது. ஊசிக்கு எதிராகப் பேசிய வைத்தியர்களும் இருந்தார்கள். செப்ரெம்பர் 28ஆம் திகதி கட்டாயத் தடுப்பூசிக்கு எதிராக நகரில் பெருங்கலவரம் நடந்தது. நகரில் மட்டும் 3,164 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். இந்தக் கணக்கிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் இரண்டு. ஊசியை மறுத்ததற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள் என்பது ஒன்று. மறுத்தவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்லர், பயந்தவர்கள் என்பது மற்றது. பயந்தவரை ஏசித் திருத்தியவர் எவரும் இல்லை.

எம்மவரிலும் பயந்தவர்கள் இருந்தார்கள். கியூபெக்கில் முதல் ஊசி 2020 டிசம்பர் 14இல் போடப்பட்டது. 2021 மார்ச் 1இல் ஒலிம்பிக் விளையாட்டரங்கு போன்ற பெரிய இடங்களில் முதியவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். பதிவு இணையத்தில் அல்லது தொலைபேசியில், அதுவும் பிரெஞ்சில் அல்லது ஆங்கிலத்தில். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால்தான் அம்மம்மாவுக்கு விளங்கும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவருக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று தமிழில் கேட்டு, தமிழில் பதில் பெற வழியில்லாதவர்கள் பலர். ஆண்டு முடிவில் ஒமிக்ரோன் வந்தபோது இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. ‘அப்ப என்னத்துக்கு இந்த ஊசி?’ என்று கேட்டார்கள். ஊசி தொற்றை எல்லாம் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடும் வருத்தத்தையும் மரணத்தையும் பெருமளவு குறைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

திருவள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். வைத்தியம் என்பது நான்கு பங்குடையது என்பது அவர் கருத்து: நோயாளி, வைத்தியர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணிசெய்பவர். இந்த நாலாமவரை அவர் மறக்கவில்லை; நாம் மறந்துவிடுகிறோம். 2020 வசந்த காலத்தில் கியூபெக்கின் முதியோர் இல்லங்களில் மரணங்கள் பெருகி, இராணுவத்தை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அந்த இல்லங்களில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றியவர்களில் அகதிக் கோரிக்கையாளர்கள் பலர். அவர்களைக் ‘காவல் தேவதைகள்’ என்று இந்நாட்டார் புகழ்ந்தார்கள். நோயாளரை நேரில் பராமரித்தவர்களுக்கு நிரந்தர வதிவிடம் வழங்கும் திட்டம் 2020 டிசம்பர் 14இல் தொடங்கியது. முதல் ஊசி போட்ட அதே நாள். அதே கட்டிடங்களில் கூட்டித் துடைத்தவர்களும் சமைத்தவர்களும் அத்திட்டத்துள் அடங்கவில்லை. புகழ்ச்சிக்கும் கடதாசிக்கும் இடையிலுள்ள தூரம் அகதிக்குத் தெரியும். வாசலில் நின்று ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற சொல்லைக் கேட்பது எப்படி இருக்கும் என்பதும் எமக்குத் தெரியும். ஆகவேதான், எமது வாசலில் அச்சொல்லைச் சொல்ல நேர்ந்தது மற்றவர்களைக் காட்டிலும் எமக்குக் கனதியானது.

அந்தப் பனிக்காலத்தில் வாசலில் நின்ற தொண்டர்கள் படித்த பிள்ளைகள். தம் மாமன் மாமியிடம் தொலைபேசியைக் காட்டச் சொல்ல வேண்டியிருந்தது. ‘தம்பி, என்னட்டை அது இல்லை. நான் வெளியிலை நிண்டு கும்பிட்டிட்டுப் போறன்’ என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. கோபித்துத் திரும்பியவர்களும் உண்டு. இரு பக்கமும் வார்த்தைகள் தடித்தன. தொண்டர்கள் விதியை மீறியிருந்தால் கோயிலுக்குத் தண்டம் வந்திருக்கும். முதியவர்களுக்கு நோய் வந்திருக்கும். அவர்கள் கடமையைச் செய்தார்கள். வெளியில் நின்றவர்களுக்கு ஏற்பட்ட வலியும் மெய்யானது.

வெளியில் நின்று கும்பிட்டவர் என்றதும் எமக்குத் திருநாளைப்போவார் நாயனார் நினைவுக்கு வருகிறார். திருப்புன்கூரில் அவர் வாசலில் நின்று சுவாமியைக் காண ஏங்கியபோது, மறைத்திருந்த நந்தியை விலகச் செய்து இறைவன் காட்சி கொடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவரைத் தடுத்தது பிறப்பினால் மனிதர் விதித்த தடை, அது அநீதி. தொற்றுக் காலத் தடை நோயினால் வந்தது, நோயோடு போனது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் கதையின் உட்பொருள் இரண்டுக்கும் பொருந்தும். வெளியில் நிற்பவன் மீது இறைவனுக்குக் கண் இருக்கிறது. உள்ளே நிற்கும் நாம் நந்தியைப் போல விலகிக்கொடுக்க வேண்டியவர்கள்.

இனி, இச்சிந்தனையின் முடிவான கருத்துக்கு வருகிறேன். எமது வழக்கத்தில் துடக்கு என்று ஒன்று உண்டு. வீட்டில் மரணம் நிகழ்ந்தால் 31 நாள் கோயிலுக்குப் போகமாட்டோம். குழந்தை பிறந்தாலும் துடக்கு. பிறப்பு பாவமல்ல, மரணம் குற்றமல்ல. ஆகவே துடக்கு தண்டனை அல்ல. துடக்குள்ளவரைக் கெட்டவர் என்று எவரும் எண்ணுவதில்லை. அவரும் தம்மை அவமதித்ததாக நினைப்பதில்லை. சில காலம் விலகியிருப்பது மற்றவர் மீது வைத்த மரியாதை. இதனை இயல்பாக ஏற்ற எமக்கு, ஊசி போடும்வரை சற்று விலகியிருங்கள் என்பதை அதே மரியாதையோடு சொல்லவும் கேட்கவும் ஏன் முடியாமற்போயிற்று?

துடக்குக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதற்கு முடிவுநாள் உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் செய்கிறோம். வீடு கழுவி, குருக்கள் வந்து புண்ணியாகவாசனம் செய்து தீர்த்தம் தெளிக்கிறார். பிறகு உறவினரும் அயலவரும் கூடியிருந்து சாப்பிடுகிறோம். அன்றோடு துடக்குக் கழிந்தது. அடுத்த நாளும் ஒருவர் ‘உனக்குத் துடக்கு’ என்று சொன்னால் அவரைப் பித்தர் என்போம். தொற்றுக் காலத் துடக்கைச் சட்டம் 2022இல் கழித்துவிட்டது. ஆனால் நாம் அந்தியேட்டி செய்யவில்லை, கூடியிருந்து சாப்பிடவில்லை. ஆகையால் அது மனத்தில் இன்னும் கழியாமல் கிடக்கிறது.

கணக்குத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆண்டு முடிவில் மீதியைக் கீழே கொண்டுவந்து புதிய ஆண்டைத் தொடங்குவது வழக்கம். ஆனால் திரும்பி வராது என்று தெரிந்த கடனை ஆண்டுதோறும் கொண்டுவந்தால் ஏடு பொய் சொல்லும். அதனை அறவிடமுடியாக் கடன் என்று பதிவழித்துவிட வேண்டும். வாசலில் யார் யாருக்கு என்ன சொன்னார் என்ற கணக்கும் அத்தகையதே. ‘நான் சொன்னதுதான் சரி’ என்பதை இனி எவரும் அறவிட முடியாது.

ஆகவே, அன்பர்களே, அழைப்பிதழ் அனுப்பி இருந்துவிடாதீர்கள். பழக்கமானவர் வீட்டுக்கு நேரில் போங்கள். ஊசி போட்டீர்களா, ஏன் போடவில்லை என்ற பேச்சை எடுக்க வேண்டாம். ‘அண்ணை, கனநாளாய்க் காணேல்லை, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாங்கோ, இருந்து சாப்பிட்டிட்டுப் போவம்’ என்று மட்டும் சொல்லுங்கள். வராமல் இருப்பவர்களே, இதனை வாசிக்க நேர்ந்தால், வாசலில் நின்ற அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து உங்களைத் தேடுகிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். தொற்றுக் காலத்தில் பத்துப்பேரோடு வழியனுப்பப்பட்ட எமது முதியவர்களுக்காக ஒரு நாள் கூடி, விளக்கேற்றி, ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். அதுவே நாம் செய்யத் தவறிய முப்பத்தோராம் நாள்.

நாளை இன்னொரு நோய் வரலாம். இன்னொரு விதியும் வரலாம். அப்போது விதியை அன்போடு சொல்லவும், அன்போடு ஏற்கவும், முடிந்ததும் மறக்கவும் எம்பெருமான் எமக்கு நல்லறிவு தந்தருள்வாராக.

சிவசிவ.