பலா மரமும் விஜயதசமியும்

சரஸ்வதி பூஜைக்கு வீணைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூ சாத்துகிறோம். அது என்ன மரம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. "பலா புனிதமான மரம், அதனாலதான்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. உண்மைதான். குற்றாலத்தின் தல விருட்சம் குறும்பலா. அதற்கென்றே திருஞானசம்பந்தர் ஒரு தனிப் பதிகம் பாடியிருக்கிறார். ஆனா வில்வமும் வேம்பும்கூட புனிதம்தானே, ஏன் பலா? எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

தந்தி மெல்லியது. அது தனியாக அதிர்ந்தால் காற்றை அசைக்கவே முடியாது. அதிர்வு குதிரை வழியாக மேல்பலகைக்கும் குடத்துக்கும் இறங்கிய பிறகுதான் நம்ம காதுக்கு வரும். அதாவது நாம் கேட்பதில் பெரும்பங்கு மரத்தின் குரல். மரம் ரொம்ப மென்மையாக இருந்தால் அதிர்வை விழுங்கிவிடும். ரொம்பக் கனமாக இருந்தால் தந்தியால் அதை அசைக்க முடியாது. பலா நடுவில் நிற்கிறது. குடைந்து மெல்லிசாக்கினாலும் தந்திகளின் இழுப்பைத் தாங்கும், கரையானும் எளிதில் அண்டாது. மிருதங்கக் கட்டையும் பலாதான்.

குடம், தண்டி, யாளித் தலை எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்தில் உளி ஓரிடத்தில் தவறினால் மொத்த மரமும் போச்சு! எனக்கு அந்த ஆசாரியின் கவனமே ஒரு ஜபம் மாதிரி தோன்றும்.

அப்பர் சுண்ணாம்புக் காளவாயில் கிடந்தபோது ஈசன் திருவடி நிழலுக்கு எதை எதையோ ஒப்பிட்டார்; முதலில் வந்தது குறையற்ற வீணையின் ஒலி. அன்றைய வீணை வேறு, இன்றைய தஞ்சாவூர் வீணை வேறு. ஆனாலும் அந்த நெருப்பில் அவருக்கு நினைவு வந்தது கேட்ட நாதம். பார்த்த பொம்மை இல்லை.

நம்ம சங்கங்களில் வீணை பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கு. ஈரம் ஏறிய மரம் ஒலியை மழுங்கடிக்கும். நம்ம நாட்டுக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஏர்கோன் மண்டபத்துக்கும் வெளிக்கும் மாற்றி மாற்றித் தூக்கினால் மரம் சுருங்கி விரிந்து ஒட்டுகள் விடும். 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்பவை. மத்தியான வெயிலில் காருக்குள் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி கெடும். இதையெல்லாம் கவனிப்பதும் பூஜைதானே?

பூஜையன்று வாத்தியத்தைத் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வாசிக்கணும். இதுதான் முறை. பல இடங்களில் அந்த மறுநாள் வருவதே இல்லை. பூ வாடியதும் பெட்டி பூட்டப்படும், அடுத்த வருஷம்தான் திறக்கும்.

இந்த வருஷம் பூஜைக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைத் திறங்க. உலர்ந்த துணியால் துடைங்க. வீணை ஆசிரியர் ஒருத்தரைக் கூப்பிட்டு மெழுகையும் தந்தியையும் பார்க்கச் சொல்லுங்க. விஜயதசமி காலையில், கற்றுக்கொள்கிற பிள்ளை யாராவது இருந்தால் அம்பாள் முன்னால் உட்கார்ந்து ஒரு கீதம் வாசிக்கட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை.