கதாநாயகியின் கூந்தல்

சென்ற மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்குப் பதினாறு வயது. என் குரல் கேட்டால் வாசலுக்கு ஓடி வருகிறவள், அன்று அறையை விட்டு வெளியே வரவே இல்லை. "என்ன சமாசாரம்?" என்றேன். "ஒன்றுமில்லை அண்ணா, தலைமுடி கொட்டுகிறதாம். அதற்கு ஓர் அழுகை!" என்று தங்கை சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.

சற்றுப் பொறுத்து அவளே வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். ஒரு வாரமாகச் சீப்பில் வந்த முடி! "மாமா, இத்தனை கதை எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒருத்திக்காவது முடி குறைச்சலாக இருக்கிறதா?" என்றாள்.

'அழகு நிலையற்றது' என்ற உபதேசம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். என் கதாநாயகிகள் ஏழைகளாக இருப்பார்கள், விதவைகளாக இருப்பார்கள், நோயாளிகளாகக்கூட இருப்பார்கள். கூந்தலில் மட்டும் ஒருத்திக்கும் நான் குறை வைத்ததில்லை. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் வழக்காடிய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறவர்கள் நாம். நக்கீரர் இறைவனையே எதிர்த்து நின்றார். கூந்தல் உதிர்ந்துவிட்டால் அவள் யார் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. பிறந்த நாள் முதல் 'பெண்ணுக்கு அழகு கூந்தல்' என்று சொல்லி வளர்த்துவிட்டு, அது கொட்டும்போது 'இதற்கெல்லாமா அழுவது?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

டாக்டரம்மாள் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. "சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?" என்றுதான் கேட்டார். வந்தது, மூன்று மாதத்துக்கு முன் டெங்கு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்புதானாம். கடுங்காய்ச்சலோ, பட்டினியோ, பெருங்கவலையோ வந்தால், வளர வேண்டிய முடிகள் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக விழுமாம். காரணம் நீங்கினால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, இறுக்கிப் பின்னுவது என்று வேறு காரணங்களும் உண்டு.

ரத்தமும் குறைவாக இருந்தது. அதில் அதிசயமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. தங்கை வீட்டு அலமாரியில் கூந்தல் தைலம் மட்டும் நான்கு புட்டி இருந்தது. பெண் காலைப் பலகாரம் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போவதை யாரும் கவனிக்கவில்லை. சீப்பில் வந்த முடி அவள் கண்ணில் பட்டது. வெளுத்த நகம் எங்கள் கண்ணில் படவில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் கருமேகக் கூந்தல் ஒன்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'எலிவால் போன்ற பின்னல்' என்று மாற்றி, அவளிடம் படித்துக் காட்டினேன்.

"எலிவால் வேண்டாம் மாமா. சின்னப் பின்னல் என்று எழுதினால் போதாதா?" என்றாள்.